ஒன்பது மணி லாட்ஜ் டிவியா, ஞாயிற்றுக்கிழமை செல்போனா: வினாடி வினா பார்க்க எது தோது?

எங்கள் வீட்டில் ஒரே டிவி. ராத்திரி ஒன்பது மணி என்பது அதில் அம்மாவின் சீரியலுக்கு எழுதிக்கொடுத்த நேரம், ரிமோட்டைக் கேட்டுப் பார்க்கிற தைரியம் எனக்கு இதுவரை வந்ததில்லை. அதனால் நான் கேபிசி, அதாவது அமிதாப் பச்சன் நடத்தும் 'கௌன் பனேகா கரோர்பதி' என்ற இந்தி வினாடி வினா, பார்ப்பதெல்லாம் வேலை செய்யும் இடத்தில்தான். வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் சின்ன லாட்ஜில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறேன். ரூம் சாவி கொடுப்பது, ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வைப்பது, பன்னிரண்டு மணிக்கு மேல் யாராவது சுடுதண்ணி கேட்டால் கொடுப்பது. வரவேற்பு மேசைக்கு எதிரே சுவரில் ஒரு டிவி.

இந்த வருஷம் பிரச்சினை வேறு ரூபத்தில் வந்தது. மகள் குரூப் 4 பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம், அதில் எழுபத்தைந்து பொது அறிவு. "நைனா, இத்தினி வருஷமா டெய்லி குவிஸ் பாக்குறியே, எனக்கு ஒதவுற மாதிரி அதுல எதுனா இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பார்க்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது, அதற்கு மேல் யோசித்ததில்லை. அப்புறம்தான் ஒன்றரை மாசம் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகப் பார்த்தேன்: டிவியில் நேரத்துக்கு, மறுநாள் செயலியில், பழைய தமிழ் நிகழ்ச்சிகள், வெளிநாட்டு நிகழ்ச்சிகள், அப்புறம் இந்தத் துண்டு வீடியோக்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் எதில் போடுவது?

அளந்து பார்க்க எனக்கு ஒரு கோல் வேண்டியிருந்தது. கேள்வியின் தரம், பரிசுத் தொகை, நடத்துகிறவர் யார் என்று எதையெதையோ யோசித்துவிட்டுக் கடைசியில் ஒன்றில் வந்து நின்றேன். கேள்வியை வாசித்து முடித்ததற்கும் நாலு விடைகள் திரையில் வந்து விழுவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதே, இரண்டு மூன்று நொடி, அதில் நாம் வாயைத் திறந்து ஒரு விடையைச் சொல்கிறோமா இல்லையா? என் அனுபவத்தில் எல்லாமே அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. நாலு விடையும் வந்துவிட்டால் "ஆங், இதுதான், எனக்குத் தெரியும்" என்று சொல்வது சுலபம், உண்மையில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பேரை மறந்துபோன ஆளைத் தெருவில் பார்த்ததும் 'தெரிஞ்ச மூஞ்சி' என்று சிரிக்கிறோமே, அந்த மாதிரிதான் இதுவும்.

முதலில் லாட்ஜ் டிவி.

சமீப வருஷங்களில் கேபிசி ஆகஸ்ட் வாக்கில் தொடங்குகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை, ராத்திரி ஒன்பது மணிக்கு, சோனியில். எங்கள் லாட்ஜில் பாதிக்கு மேல் மேற்கு வங்கத்துக்காரர்கள், மிச்சம் ஜார்க்கண்ட், திரிபுரா, அசாம். அந்த இசை கேட்டதும் மாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வருவார்கள். ரூமில் டிவி இருந்தாலும் கீழேதான் வருவார்கள், ஏனென்றால் ரூமில் நோயாளி தூங்குவார். பிளாஸ்டிக் நாற்காலி ஆறுதான் இருக்கிறது, மற்றவர்களுக்குப் படிக்கட்டு. என்னை 'தாதா' என்று கூப்பிடுவார்கள். வங்காளத்தில் அது அண்ணன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் மேசையைத் தட்டி "தாதா!" என்றபோது நான் யாரை வெட்டினேன் என்று ஒரு நொடி திகைத்துவிட்டேன்.

அங்கே அந்த இடைவெளி எப்படி இருக்கும் தெரியுமா? போன வருஷம் ஒரு அம்மா, கணவருக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாகத் தங்கியிருந்தார். பகலெல்லாம் யாரோடும் பேசமாட்டார், பில் கட்டும்போது மட்டும் ரூபாயை இரண்டு தடவை எண்ணுவார். ஒரு நாள் தீஸ்தா நதி எந்த மாநிலத்தில் தொடங்குகிறது என்பது போன்ற கேள்வி. நாலு விடை வரும் முன்பே படிக்கட்டிலிருந்து "சிக்கிம்!" என்று ஒரு குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம், அவர்தான். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்த நதியின் பெயரே அன்றைக்குத்தான் தெரியும், ஆனால் இனிமேல் சாகும்வரை மறக்காது. தனியாகப் பார்த்திருந்தால் அந்தக் கேள்வி காதில்கூட விழுந்திருக்காது.

எனக்கு இந்தி எழுத்து வாசிக்க வராது, காதால் பிடிப்பதுதான். அமிதாப் பச்சன் கேள்வியை நிறுத்தி நிதானமாக வாசிப்பதால் பிழைத்தேன். பிடிபடாத சொல்லைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்பேன், அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, இருவருக்கும் அரைகுறை இந்தி. அந்த மொழிபெயர்ப்பு முடிவதற்குள் போட்டியாளர் லைஃப்லைன் எடுத்துவிடுவார். இருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் கணக்கென்று பார்த்தால் இது மகளுக்கு உதவாது. விளம்பரம், போட்டியாளரின் குடும்பக் கதை, அழுகை, சிரிப்பு எல்லாம் போக ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து கேள்வி தேறினால் பெரிது. அதிலும் இந்திப் பாட்டு, இந்தி சினிமா, வடக்கத்திப் பழமொழி என்று வரும்போது நாங்கள் வேடிக்கை பார்க்கிற ஆட்கள்தான். சங்க இலக்கியத்திலிருந்தோ தமிழ்நாட்டு நிர்வாகத்திலிருந்தோ ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தால் பரீட்சை முடிந்துவிடும்.

இந்த நிகழ்ச்சியின் பூர்வீகம் இங்கிலாந்து. 1998 செப்டம்பரில் ஐடிவி சேனலில் கிறிஸ் டாரன்ட் நடத்தத் தொடங்கினார். 2000 ஜூலை 3-ல் ஸ்டார் ப்ளஸில் இந்திக்கு வந்தது, அதே வருஷம் ஹர்ஷ்வர்தன் நவாதே முதல் கோடியை எடுத்தார். 2010-ல்தான் சோனிக்கு மாறியது. இடையில் 2007-ல் ஒரு சீசன் மட்டும் ஷாருக் கான். பரிசு ஒரு கோடியில் தொடங்கி 2013-ல் ஏழு கோடி ஆனது. லாட்ஜில் தவறாமல் வரும் சண்டை, ஜெயித்தால் கையில் எவ்வளவு வரும் என்பது. இப்படிப்பட்ட பரிசுப் பணத்துக்கு நேராக 30 சதவீதம் வரி, அதற்கு மேல் செஸ், சர்சார்ஜ். "அப்போ ஏழு கோடின்னு ஏன் சொல்றாங்க?" என்று ஒருத்தர் கோபப்பட்டார், ஏதோ அவர் பணத்தில் பிடித்த மாதிரி. 2011-ல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து வந்து ஐந்து கோடி ஜெயித்த சுஷில் குமார், அந்த வெற்றிக்குப் பிந்தைய காலம்தான் தன் வாழ்க்கையின் மோசமான காலம் என்று பின்னால் எழுதினார். அதைச் சொன்னபோது நாற்காலிகளில் யாரும் நம்பவில்லை.

நேரத்துக்குப் பார்க்கும்போதே சோனி லிவ் செயலியில் கூடவே விளையாடும் வசதியும் உண்டு. இரண்டு நாள் முயன்றேன். தலை குனிந்து விரலை வைத்துக்கொண்டு விடைக்குக் காத்திருப்பேன், கேள்வியை யோசிக்கவே மாட்டேன். படிக்கட்டிலிருந்து யார் என்ன சொன்னார்கள் என்பதும் கேட்கவில்லை. விட்டுவிட்டேன்.

மறுநாள் செயலியில் பார்ப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரம் மிச்சம், அது உண்மை. கதையைத் தள்ளி, விளம்பரத்தைத் தள்ளி, கேள்வியை மட்டும் பார்த்தால் இருபது நிமிஷத்தில் ஒரு எபிசோடு முடிந்துவிடும். இரண்டு வாரம் அப்படிப் பார்த்தேன். மூன்றாவது வாரம் மகள் "என்னென்ன கேள்வி வந்துச்சு, சொல்லு" என்றாள், நாலு கேள்விகூடத் தேறவில்லை. தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது கை எப்போதும் கேள்வியைத் தாண்டி விடைகள் இருக்கும் இடத்தில்தான் போய் நிற்கிறது. நம் இடைவெளியை நாமே வெட்டி எறிகிறோம்.

இதைப் பற்றி 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியல்காரர்கள் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். மாணவர்களில் ஒரு சாராருக்கு ஒரு பாடத்தை மறுபடி வாசிக்கக் கொடுத்தார்கள், இன்னொரு சாராரை ஒருமுறை வாசித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். என் இருபது நிமிஷ எபிசோடு முதல் ரகம். படித்த மாதிரியே இருக்கும், வாரம் தாண்டாது.

துண்டு வீடியோக்களை நான் மேசைக்குக் கீழே செல்போனை வைத்துக்கொண்டு நிறையவே பார்த்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். ஐந்து நொடி டிக் டிக், விடை, அடுத்தது. அரை மணி நேரத்தில் நூறு கேள்வி பார்த்த திருப்தி. ஆனால் அவற்றில் தப்பு மலிந்து கிடக்கிறது, திருத்துவாரும் இல்லை. இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. அப்படி எந்த விளையாட்டையும் அறிவிக்கவில்லை என்று மத்திய அரசே 2012-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது சொல்லிவிட்டது. நிலாவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் கண்ணுக்குத் தெரியும் என்பது இன்னொன்று. மகள் இப்படி ஒன்றைப் படித்துவிட்டுப் பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போவது அவளுக்கு, வீடியோ போட்டவருக்குப் பார்வை எண்ணிக்கை ஏறும்.

இதோடு சேர்ந்த ஒரு தொல்லை, கேபிசி லாட்டரி. "உங்கள் எண்ணுக்கு 25 லட்சம் விழுந்திருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் அமிதாப் படத்தோடு, சோனி சின்னத்தோடு வருமே, அதேதான். போலீஸ் பலமுறை எச்சரித்த பழைய மோசடி. எங்கள் லாட்ஜில் தங்கிய ஒரு பையன் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான், அப்பாவுக்கு வைத்தியச் செலவு மூச்சு முட்டும் நேரம். 'வரி' என்று சொல்லி முன்பணம் கேட்டிருந்தார்கள். நல்லவேளை, கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று கீழே இறங்கி வந்தான். அந்த நிகழ்ச்சியில் நாற்காலியில் உட்காராமல் யாருக்கும் லாட்டரி விழாதுப்பா என்று சொல்லிப் புரியவைக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது.

இப்போது தமிழ். இதில்தான் நான் எதிர்பார்க்காதது கிடைத்தது.

2000-ல் சன் டிவியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அப்போது எங்கள் தெருவில் கேபிள் இருந்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். பிறகு 2012-ல் விஜய் டிவியில் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நடத்தினார், 2013-ல் பிரகாஷ்ராஜ், 2016-ல் அரவிந்த்சாமி. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ராதிகா பெண்களுக்கு மட்டும் 'கோடீஸ்வரி' நடத்தினார். அதில்தான் 2020 ஜனவரியில் மதுரை கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ஜெயித்தார். காது கேளாத, வாய் பேச முடியாத பெண். ஒன்பது மணிக்குச் சீரியலைத் தவிர எதையும் பார்க்காத என் அம்மா மறுநாள் தெருவெல்லாம் சொன்னது அந்த ஒரு எபிசோடைப் பற்றித்தான்.

இவற்றின் பழைய எபிசோடுகள் தேடினால் செல்போனில் கிடைக்கின்றன, முழுசாகச் சில, துண்டாகப் பல. ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஷிப்ட் இல்லை. மகளும் நானும் திண்ணையில் உட்கார்ந்து, செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தோம். முதல் நாளே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தீர்ந்துபோன ரசீதுப் புத்தகத்தின் அட்டையை வெட்டி, திரையின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டோம். கேள்வி மட்டும் காதில் விழும். நடத்துகிறவர் வாசித்து முடித்ததும் நிறுத்திவிடுவேன். அவள் ஒரு விடை சொல்ல வேண்டும், நான் ஒரு விடை சொல்ல வேண்டும், 'தெரியாது' செல்லாது. அப்புறம்தான் அட்டையை எடுப்பது. டிவியில் இரண்டு நொடியாக இருந்த இடைவெளி இங்கே இரண்டு நிமிஷம் ஆனது. அட்டையை எடுக்கும்போது "ச்சே, நாக்கு நுனியில இருந்துச்சு" என்று அவள் தொடையில் அடித்துக்கொள்வாள். அப்படி அடித்துக்கொண்ட எதையும் அவள் மறந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு குறை உண்டு, பெரிய குறை. பழைய விடைகள் காலாவதியாகிவிட்டன. 2012-ல் தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டம் என்று கேட்டால் 32 என்பது சரி, இன்றைக்கு 38. நம் வேலூரே 2019-ல் மூன்றாக உடைந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியாகப் போய்விட்டன. மாநிலங்களின் எண்ணிக்கை இன்னும் வேடிக்கை: 2012-ல் 28, 2014-ல் தெலங்கானா வந்ததும் 29, 2019-ல் ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமானதும் மறுபடி 28. பழைய எபிசோடில் இருக்கும் விடை நடுவில் ஐந்து வருஷம் தப்பாக இருந்துவிட்டுத் திரும்பச் சரியாகிவிட்டது. நான் இதைக் குறை என்றுதான் முதலில் எழுதி வைத்தேன். மகள் அதையே விளையாட்டாக்கிவிட்டாள்: ஒவ்வொரு விடைக்கும் 'இன்னைக்கும் இதுதானா?' என்று ஒரு கேள்வி. முதலமைச்சர், ஆளுநர், உலக சாதனை, எதுவாக இருந்தாலும் நிறுத்திவிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரு எபிசோடு முடிக்க இப்போது இரண்டு வாரம் ஆகிறது.

வெளிநாட்டு நிகழ்ச்சிகளைச் சும்மா ஒரு ஆசைக்குப் பார்த்தேன். பிரிட்டனில் 1962 முதல் வரும் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' இருக்கிறதே, அதில் நாலு விடை கொடுக்கும் வழக்கமே கிடையாது. ஒரு கல்லூரிக்கு நாலு பேர், பத்து மதிப்பெண் கேள்விக்கு மணியை அடிக்க வேண்டும், சரியாகச் சொன்னால் ஐந்து ஐந்தாக மூன்று கேள்வி கூடுதலாகக் கிடைக்கும், குறுக்கே அடித்துத் தப்பாகச் சொன்னால் ஐந்து போய்விடும். கேள்வியே பாதிதான் புரியும் எனக்கு, அந்த இங்கிலீஷ் உச்சரிப்பு வேறு. ஒரு எபிசோடில் இரண்டு விடை சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்கு நானே பாட்டில் சோடா வாங்கிக்கொள்வேன்.

அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' இன்னும் எனக்குப் பிடித்தது. அதில் விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்கச் சொல்வார்கள். ஒரு ஆட்டத்துக்கு 61 குறிப்புகள், விளம்பரத்தோடு சேர்த்து அரை மணி நேரம், கேபிசி நாலைந்து நாளில் கேட்பதை அவர்கள் ஒரே மூச்சில் கேட்டுவிடுவார்கள். குறிப்பை முழுசாக வாசித்து முடிக்கும்வரை பொத்தானை அழுத்தினாலும் வேலை செய்யாது. 2004-ல் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்த கென் ஜென்னிங்ஸ்தான் இப்போது அதை நடத்துகிறார். என் இடைவெளிக் கோலால் அளந்தால் இதுதான் முதல் இடம், ஏனென்றால் இடைவெளிக்குப் பின்னால் விடைப் பட்டியலே வருவதில்லை, வாயைத் திறந்தே தீர வேண்டும். ஆனால் என்ன செய்ய, கேள்வியில் பாதி அமெரிக்க ஜனாதிபதிகளும் பேஸ்பால் ஆட்டமும். முறையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு கேள்வியை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது அதைப் பார்த்துத்தான்.

அப்படி ஆரம்பித்ததுதான் நோட்டு. நாற்பது பக்க நோட்டு, இடது பக்கம் கேள்வி, அடுத்த தாளில் விடை. டிவி தராத நம் பக்கத்து விஷயங்களாகவே போட்டோம். வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டு 1832-ல் இறந்த கண்டியின் கடைசி அரசர் யார்? ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவருடையதுதான். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியை அடக்க கில்லெஸ்பி எங்கிருந்து குதிரைப்படையோடு வந்தார்? ஆற்காட்டிலிருந்து. 1988-ல் காவலூர் வானாய்வகத்தில் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ராமானுஜன். இந்தக் கடைசிக் கேள்வியில் மகள் ஒரு வால் கேள்வி சேர்த்தாள்: காவலூர் எந்த மாவட்டம்? நான் வேலூர் என்றேன். இப்போது திருப்பத்தூர்.

அதைவிடப் பெரிய அடி ஒன்று வாங்கினேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கிருந்து எங்கே போனது என்று கேட்டாள். "ராயபுரம் டு அரக்கோணம், 1856 ஜூலை 1, இதெல்லாம் ஒரு கேள்வியா" என்று பல் குத்திக்கொண்டே சொன்னேன். தேதி சரி, ராயபுரமும் சரி. போய் நின்ற இடம் அரக்கோணம் தாண்டி வாலாஜா ரோடு. நான் பிறந்தது வாலாஜாவில். அந்த ஸ்டேஷனில் எத்தனை நாள் ரயிலுக்காக உட்கார்ந்திருக்கிறேன்! மகள் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள், அம்மா உள்ளேயிருந்து சிரிப்பது மட்டும் கேட்டது. உறுதியாக நம்பிச் சொல்லித் தப்பானால், அரைமனதாகச் சொல்லித் தப்பானதைவிடச் சரியான விடை ஆழமாகப் பதிகிறது என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

சரி, முடிவுக்கு வருகிறேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் பழைய தமிழ் எபிசோடுகள், ஒரு அட்டை, ஒரு நோட்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அட்டை வைக்கவும் நிறுத்தவும் ஆள் இல்லாவிட்டால் தானாகவே விரல் தள்ளிக்கொண்டு போய்விடும், நான் தனியாக முயன்று பார்த்துவிட்டேன். பரீட்சையெல்லாம் இல்லை, வினாடி வினா பிடிக்கும் அவ்வளவுதான் என்றால் கேபிசியை ஒன்பது மணிக்கு, நாலு பேரோடு பாருங்கள். அந்த நாலு பேர் வேறு வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் இன்னும் விசேஷம். இங்கிலீஷ் ஓடுகிறவர்களுக்கு, விடைப் பட்டியலின் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து பார்க்க ஆசையிருந்தால், ஜெப்பர்டியின் பழைய ஆட்டங்கள். மறுநாள் செயலியில் தள்ளிப் பார்ப்பது, யார் ஜெயித்தார் என்று தெரிந்துகொள்ள மட்டும் போதும். துண்டு வீடியோவுக்கு என்னிடம் சிபாரிசு இல்லை, இருந்தும் நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி முடிவானது: வாரநாள் ராத்திரி எனக்கு லாட்ஜ் டிவி, ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணையில் தமிழ் எபிசோடு, நோட்டில் நாளுக்கு ஐந்து கேள்வி. லாட்ஜில் பிடித்த கேள்வி ஏதாவது இருந்தால் ரசீதின் பின்பக்கம் குறித்து எடுத்துவருகிறேன். போன வாரம் அப்படி ஒரு ரசீது துவைக்கப்போன சட்டைப் பையில் மாட்டிக்கொண்டது. கேள்வி அழிந்துவிட்டது, 'இ' என்ற விடையின் எழுத்து மட்டும் மிச்சம். அது என்ன கேள்வியாக இருக்கும் என்று மகள் மூன்று நாளாக என்னைப் போட்டுக் குடைகிறாள்.